சேமிப்பைப் பயிற்சியில் போடுவதா, இயந்திரத்தில் போடுவதா?

கேள்வி: நான் சிவில் டிப்ளமோ முடித்தவன், வயது 31. கான்கிரீட் கட்டடங்களில் ஏழு ஆண்டுகளாக சைட் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். தொழிற்சாலையில் மெல்லிய எஃகுத் தகட்டால் சட்டங்களைத் தயாரித்து சைட்டில் பூட்டும் லைட் கேஜ் ஸ்டீல் கட்டுமானத்துக்கு மாற விரும்புகிறேன். ஒரு நிறுவனம் டீடெயிலிங் பிரிவில், அதாவது ஒவ்வொரு துண்டின் அளவையும் துளையையும் கணினியில் வரையும் பிரிவில், வேலை தர முன்வந்துள்ளது. ஆனால் முதல் ஆண்டுச் சம்பளம் இப்போது வாங்குவதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சேருவதற்கு முன் என் செலவில் மென்பொருள் பயிற்சியும் முடிக்க வேண்டும். அதன் கட்டணம் என் 4 மாதச் சம்பளம். கையில் 14 மாதச் சம்பளத்துக்கு ஈடான சேமிப்பு இருக்கிறது. வீட்டுச் செலவு சம்பளத்தில் 70 சதவீதம். என் நண்பரோ, வேலைக்குப் போவதைவிட இருவரும் வீடுகளை அடமானம் வைத்து, தகட்டை மடித்துச் சட்டமாக்கும் ரோல் ஃபார்மிங் இயந்திரம் வாங்கிவிடலாம் என்கிறார். எது சரி?

பதில்: இயந்திரம் வேண்டாம். வேலை மாற்றத்தை ஏற்கலாம். ஆனால் பயிற்சிக் கட்டணத்தையும் இரண்டாம் ஆண்டுச் சம்பளத்தையும் பற்றி அந்த நிறுவனத்திடம் இன்னொரு முறை பேசிய பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடனே வாங்கக் கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். இந்தக் கடனை வேண்டாம் என்பதற்குக் காரணம் அந்த இயந்திரத்தின் வேகம். ஒரு வாடிக்கையாளரின் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக இத்தகைய தொழிற்சாலை ஒன்றில் அரை நாள் நின்று பார்த்தேன். ஒரு முனையில் துத்தநாகம் பூசிய தகட்டுச் சுருள் அவிழ்ந்து உள்ளே போகிறது. மறுமுனையில் ஆங்கில ‘சி’ வடிவத்தில் மடிந்து, அளவுக்கு வெட்டப்பட்டு, ஸ்க்ரூவுக்கும் ஒயர் குழாய்க்கும் துளை போடப்பட்டு, உடம்பில் எண் அச்சிடப்பட்டு ஸ்டட், அதாவது சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் சட்டம், வெளியே வருகிறது. முக்கால் மில்லிமீட்டர் தகட்டில் செய்த 89 மில்லிமீட்டர் அகல ஸ்டட் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோதான் இருக்கும். சுவர் உயரத்துக்கான முழுத் துண்டை ஒரே கையால் தூக்கி அடுக்கினார்கள். ஒரு சிறிய வீட்டுக்கு வேண்டிய சட்டங்களை ஒன்றிரண்டு நாளில் உருட்டி முடிக்கும் இயந்திரம் மாதம் முழுவதும் ஓட வேண்டுமானால், மாதம் பத்து வீடுகளுக்காவது ஆர்டர் வேண்டும். உங்களிடமும் உங்கள் நண்பரிடமும் இப்போது எத்தனை ஆர்டர் இருக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. இயந்திரம் சும்மா நிற்கும் நாளிலும் வட்டி ஏறும். அடமானத்தில் இருப்பதோ இரண்டு குடும்பங்களின் வீடு.

இது சிறியவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் அன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் லஸ்ட்ரான் என்ற நிறுவனம், விமானம் செய்த ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொண்டு, அரசுக் கடனுடன் எஃகு வீடுகளைத் தயாரித்தது. ஏறத்தாழ 2,500 வீடுகள் செய்தபின் 1950-ல் அது கடனில் மூழ்கியது. வீடுகளின் தரத்தில் பெரிய குறை இல்லை. அவற்றில் பல இன்றும் நிற்கின்றன. அவ்வளவு பெரிய தொழிற்சாலைக்குத் தீனி போடும் அளவுக்கு விற்பனை நடக்கவில்லை.

இனி வேலையைப் பார்ப்போம். இந்தத் தொழிலில் பணம் நிற்கும் இடம் இயந்திரத்தைவிட வரைபடம்தான் என்பது என் கருத்து. டீடெயிலர் கணினியில் தயாரித்துக் கொடுக்கும் கோப்பிலிருந்துதான் இயந்திரம் அளவுகளைப் படிக்கிறது. அதில் கதவு உயரம் தவறினால் அத்தனை துண்டுகளும் தவறாகவே வெட்டப்பட்டு வரும். கான்கிரீட் தளம் பத்து மில்லிமீட்டர் ஏறி இறங்கியிருந்தால் செங்கல் சுவரில் கலவை வைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். மில்லிமீட்டர் கணக்கில் வெட்டி வந்த பேனல், அதாவது சட்டங்களைப் பூட்டிய சுவர்ப் பகுதி, அதற்கு வளைந்து கொடுக்காது; சுவரைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் சரியாக ஸ்டட் நிற்கும் இடத்தில் முளைத்திருந்தால் அன்றைய வேலை அங்கேயே நிற்கும். தளம் எங்கே பிசகும், பிளம்பர் எந்த இடத்தில் துளை கேட்பார் என்பதை ஏழு ஆண்டுகள் நேரில் பார்த்த ஒருவர் வரைபட மேசையில் உட்காருவது அந்த நிறுவனத்துக்கு லாபம். மென்பொருள் மட்டும் தெரிந்த புதியவருக்குத் தரும் சம்பளத்தை உங்களுக்குத் தருகிறார்கள் என்றால், பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது.

பேசும்போது கையில் இருக்க வேண்டிய கணக்கு இது. இப்போதைய சம்பளத்தை 100 என்று வையுங்கள். மாதம் 30 மிஞ்சுகிறது; இதே வேலையில் இருந்தால், வட்டியை விட்டுவிட்டாலும், 1,400 ஆக இருக்கும் சேமிப்பு ஓராண்டில் 1,760 ஆகும். மாறினால் கட்டணம் 400 போய் 1,000 மிஞ்சும். 80 சம்பளத்தில் மாதம் 10 மட்டுமே சேர்ந்து ஆண்டு முடிவில் 1,120-இல் நிற்பீர்கள். ஆக, இந்த மாற்றத்தின் உண்மையான விலை 640, அதாவது ஏறத்தாழ ஆறரை மாதச் சம்பளம். இரண்டாம் ஆண்டில் 130 கிடைத்தால் அதை மீட்க 21 மாதங்களுக்குச் சற்று மேல் ஆகும்; 110 தான் கிடைக்கும் என்றால் 64 மாதங்கள், அதாவது ஐந்து ஆண்டுகளுக்கு மேல். பழைய வேலையில் உங்களுக்கு வரவிருந்த ஊதிய உயர்வையும் சேர்த்தால் இது இன்னும் நீளும். நிறுவனம் கட்டணத்தில் பாதியை ஏற்றால் விலை 440 ஆகக் குறைந்து, 130 சம்பளத்தில் 15 மாதங்களுக்குள் மீண்டுவிடுவீர்கள். முதல் ஆண்டுச் சம்பளத்தைக் கூட்டச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட இந்தப் பாதியையும் இரண்டாம் ஆண்டுச் சம்பளத்தையும் கேட்பது உங்களுக்கு அதிகப் பலன் தரும். பதிலுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கேட்டால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அவர்களே உங்களை நீக்கினாலோ நிறுவனம் மூடப்பட்டாலோ நீங்கள் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வரி அதில் இருக்க வேண்டும்.

மூடப்பட்டாலோ என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தத் தொழிற்சாலைகள் தகட்டுச் சுருளை முன்பணம் கொடுத்து வாங்குகின்றன. அதன் விலை எஃகோடும் துத்தநாகத்தோடும் சேர்ந்து ஏறி இறங்குகிறது. கட்டடம் கட்டுபவரிடமிருந்து பணமோ கட்டம் கட்டமாகத்தான் வரும். இடையில் பணம் முடங்கினால் முதலில் தாமதமாவது சம்பளம். தொழிற்சாலையிலேயே கட்டடப் பாகங்களைச் செய்த அமெரிக்க நிறுவனமான கேட்டெரா, 2015-ல் தொடங்கி ஏறத்தாழ 200 கோடி டாலர் முதலீடு திரட்டியும் 2021-ல் திவாலானது. அதனால் வழக்கமாக நான் சொல்லும் ஆறு மாதச் செலவுக்குப் பதிலாக, ஒன்பது மாதச் செலவை, அதாவது உங்கள் கணக்கில் 630-ஐ, வங்கி வைப்பில் தனியாக வைத்துவிடுங்கள். கட்டணம் முழுவதையும் நீங்களே கட்டினாலும் கையில் 1,000 இருப்பதால் இது உங்களால் முடியும். மீதி 370-ஐ முதல் ஆண்டில் பங்கிலோ நகையிலோ போடாமல் அப்படியே விட்டுவையுங்கள்.

ஒரு வரம்பையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மெல்லிய தகடு, எஃகின் முழு வலிமையை எட்டும் முன்பே நெளிந்துவிடக்கூடியது. அதைக் கணக்கிடுவது தனித்துறை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வின்டர் 1939-ல் தொடங்கிய ஆய்வின் அடிப்படையில்தான் 1946-ல் எஃகுத் தொழில்துறையின் அமைப்பான அமெரிக்க இரும்பு எஃகு நிறுவனம் (AISI) இத்தகைய மெல்லிய எஃகுக்கான தன் முதல் வடிவமைப்பு விதிகளை வெளியிட்டது. அந்தக் கணக்குக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவது பட்டம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் வேலை. டீடெயிலராக உங்கள் சம்பளம் ஒரு கட்டத்தில் தேங்கும் என்றால், மூன்றாம் ஆண்டிலிருந்து பகுதி நேரப் பட்டப்படிப்புக்கு மாதாமாதம் ஒதுக்குங்கள். அதற்கும் கடன் தேவைப்படாது.

சேருவதற்கு முன், நிறுவனம் தரும் காப்பீடு எதுவாக இருந்தாலும், உங்கள் பெயரில் மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். டீடெயிலரையும் பேனல் பூட்டும் நாளில் சைட்டுக்கு அழைப்பார்கள். வெட்டிய தகட்டின் விளிம்பு கையுறையையும் கிழிக்கும், கூரை டிரஸ் மேல் நின்று அளவு பார்க்கவும் நேரும். பிறகு வேலைக் கடிதத்தைக் கேளுங்கள். இரண்டாம் ஆண்டுச் சம்பளமும் பயிற்சிக் கட்டணத்தில் அவர்களின் பங்கும் அதில் எழுத்தில் வரும்வரை, இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள்.