பெண் குழந்தைக்கு ‘பிலோமினா’ என்று பெயர் வைக்கலாமா? அர்த்தம் என்ன? அந்தப் புனிதரையே நீக்கிவிட்டார்களாமே?

தாராளமாக வைக்கலாம். நானே ஒரு பிலோமினாதான். ஐம்பதைத் தாண்டியாயிற்று, பெயரால் ஒரு குறையும் வரவில்லை.

கேள்வியைப் பார்த்தால், மாமியார் இந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார், நீங்கள் மறுக்க ஒரு காரணம் தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கிரேக்கத்தில் இதற்கு ‘அன்புக்குரியவள்’ என்று பொருள். பழைய பக்திப் புத்தகங்களில் ‘ஒளியின் மகள்’ என்று போட்டிருக்கும். அது லத்தீனில் பிரித்துப் பார்த்துச் சொன்ன அர்த்தம். கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

1802 மே மாதம் ரோமில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. கல்லறையை மூடியிருந்த மூன்று ஓடுகளில் ‘லுமேனா’, ‘பாக்ஸ் தே’, ‘கும் ஃபி’ என்று எழுத்து. முதல் ஓட்டைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால் ‘பாக்ஸ் தேகும் ஃபிலுமேனா’, அதாவது ‘ஃபிலுமேனா, உனக்குச் சமாதானம்’. கூடவே நங்கூரம், அம்புகள். எழுத்தாகக் கிடைத்தது இவ்வளவுதான். கிரேக்க இளவரசி, தியோக்ளேசியன் மன்னன் கட்டிக்கொள்ளக் கேட்டான், மறுத்தாள் என்ற கதையெல்லாம் பிறகு நேப்பிள்ஸில் ஒரு கன்னியாஸ்திரிக்குக் காட்சியில் தெரிந்ததாகச் சொல்லப்பட்டது.

எலும்புகளை 1805-இல் முஞ்ஞானோ என்ற இத்தாலிய ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1835-இல் பிரான்சைச் சேர்ந்த பவுலின் ஜாரிகோ என்ற பெண் சாகக் கிடந்த நிலையில் அங்கே போய்க் குணமானார். 1837-இல் போப் பதினாறாம் கிரகோரி வழிபாட்டுக்கு அனுமதி கொடுத்தார். பிரான்சில் ஆர்ஸ் ஊர் பங்குக் குரு (பாதிரியார்) ஜான் வியான்னியும் தன்னால் நடந்த அற்புதங்களையெல்லாம் இந்தப் பெண் கணக்கில் எழுதிவிடுவார். அப்புறம் சொல்ல வேண்டுமா, பெயர் பரவிவிட்டது. மைசூரில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் பெரிய கோயில் இவர் பெயரில்தான். 1933-இல் அடிக்கல் நாட்டியவர் மகாராஜா கிருஷ்ணராஜ உடையார். நம் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன்பு பங்குக்குப் பங்கு ஒரு பிலோமினா டீச்சர் இருப்பார். ஆண் பிள்ளை பிறந்தால் பிலோமின் ராஜ்.

1961-இல்தான் வம்பு வந்தது. வழிபாட்டு நாள்காட்டிகளிலிருந்து அவர் திருவிழாவை எடுக்கச் சொல்லி ரோமிலிருந்து உத்தரவு. நான் பிறந்தது அதற்குப் பிறகு. அம்மாவுக்கு இரண்டு கரு தங்காமல் போனதால் அப்பாயி வேண்டிக்கொண்டு வைத்த பெயர்.

புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்பில் மறைக்கல்வி சொல்லித்தந்த உபதேசியார் ஒவ்வொருவராக எழுப்பி அவரவர் பெயருக்குரிய திருநாளைக் கேட்டார். நான் ஆகஸ்ட் 11 என்றேன். “அது இப்ப இல்லம்மா, எடுத்துட்டாங்க. வேற நல்ல பேரா வச்சிருக்கலாம்” என்றார். பக்கத்தில் இருந்த தெரேசா சிரித்தாள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். திண்ணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அப்பாயி கையை நிறுத்தவே இல்லை. “காலண்டர்ல இருந்துதானே எடுத்தாங்க? என் வேண்டுதல எவன் எடுப்பான்?” என்றார். மறு ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் போய், நாலு பேர் பார்க்க, “எம் பேத்திக்கு என்ன பேரு வைக்கணும்னு உங்களக் கேட்டனா?” என்று கேட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் என்னைத் திருநாள் பற்றிக் கேட்டதே இல்லை.

இதில் ஒரு விஷயம். அதே உபதேசியாரின் சைக்கிளில் பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்டோபர் பதக்கம் தொங்கும். 1969-இல் பொது நாள்காட்டியிலிருந்து அவரையும்தான் எடுத்தார்கள். அதை யாரும் கழற்றச் சொல்லவில்லை!

இறையியல் படித்தவர்கள் சண்டைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். திருச்சபையின் அதிகாரபூர்வப் புனிதர் பட்டியலான ரோமை மறைசாட்சிகள் பட்டியலில் பிலோமினா பெயர் எப்போதுமே இருந்ததில்லை. அந்த ஓடுகள் வேறு கல்லறையிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியவை என்று சொன்ன ஆய்வாளரும் உண்டு. ஆனால் 1961 உத்தரவு ‘இவரை வேண்டாதே’ என்றோ ‘இந்தப் பெயரை வைக்காதே’ என்றோ சொல்லவில்லை. முஞ்ஞானோவில் இன்றும் திருவிழா நடக்கிறது.

எனக்குப் பெயரால் வந்த தொல்லை வேறு. விமான டிக்கெட் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம், அதை நிரப்பாமல் மேலே போக விடாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். மகன் வீட்டுக்கு வெளிநாடு போனால் விமான நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை எல்லோரும் செத்துப்போன என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். இந்தப் படிவத்தைச் செய்கிறவர்கள் ஒரு தமிழரிடமாவது கேட்டிருக்க மாட்டார்களா?

சரி, வைப்பதென்றால் எழுத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழில் பிலோமினா, பிறப்புச் சான்றிதழில் ஃபிலோமேனா என்று இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டிவரும். என்ன வைத்தாலும் பள்ளிக்கூடத்தில் ‘பிலோ’ என்றுதான் கூப்பிடுவார்கள், அதற்கு மருந்து கிடையாது.