உயர்ந்ததா, உயர்த்தினார்களா?

அன்புள்ள ஐயா,
1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைத் தாக்கிய கறுப்பு மரணம் என்னும் கொள்ளைநோய், அங்கிருந்தோரில் மூன்றில் ஒரு பங்கினரையோ அதற்கு மேலோ கொன்றது என்று படித்தேன். ஆள் குறைந்ததால் கூலி உயர்ந்தது, பண்ணையடிமை முறை ஒழிந்தது என்றால், அந்நோய் ஏழைகளுக்கு நன்மை செய்தது எனலாமா? மறுமலர்ச்சிக்கும் அதுவே காரணமா?
– ஒரு கல்லூரி மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

மறுமலர்ச்சியை விட்டுவிடுவோம், இத்தாலிய ஓவியர்களின் புகழில், அந்நோயைப் பரப்பிய தெள்ளுப்பூச்சிக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனமில்லை. 'நன்மை' என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். 1361இல் அந்நோய் இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தபோது குழந்தைகளே மிகுதியாக இறந்தார்கள். கூடுதல் கூலி வாங்கிய கைகள்தான் அக்குழந்தைகளைப் புதைத்தன.

உங்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதி குறைவு. உங்கள் வயதில் நானும் 'ஆள் குறைந்தது, கூலி உயர்ந்தது, தளை அறுந்தது' என்று தேர்வில் எழுதி, முழு மதிப்பெண் வாங்கியவன். மூன்றும் தன்வினைகள் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே உறைத்தது. கூலி என்ன, வெயிலா, தானாக ஏற?

அது ஏறக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். பிணங்கள் விழுந்துகொண்டிருந்த 1349 ஜூனிலேயே இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் ஆணை வந்துவிட்டது: நிலமோ தொழிலோ இல்லாத, அறுபது வயதுக்குட்பட்ட, உடல் வலுவுள்ள எவரும் கூப்பிட்ட இடத்தில் வேலை செய்ய வேண்டும்; கொள்ளைநோய்க்கு முந்தைய கூலியையே வாங்க வேண்டும்; மறுத்தால் சிறை. 1351ஆம் ஆண்டுச் சட்டமோ, கதிர் அறுப்பவருக்கு ஆகஸ்ட் முதல் வாரம் நாளொன்றுக்கு 2 பென்னி, அடுத்த வாரம் 3 பென்னி என்று வாரக்கணக்கில் இறங்கியது; கருவிகளைக் கையில் ஏந்திச் சந்தை ஊரின் பொது இடத்தில் நின்றே வேலைக்கு அமர வேண்டும், தனியே பேரம் பேசலாகாது என்றும் கட்டளையிட்டது. எவ்வளவு பயந்திருந்தால் இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சட்டத்தை மீறி, இரவோடிரவாக அடுத்த பண்ணைக்கு நடந்து போனவர்களும், அபராதம் கட்டிவிட்டு மறுபடியும் அதே கூலியைக் கேட்டவர்களும், ஊருக்குச் சட்டம் பேசிவிட்டுத் தன் வயல் அறுவடைக்காக மறைவில் கூடுதலாகக் கொடுத்த பண்ணையார்களுந்தான் கூலியை உயர்த்தினார்கள்.

தளையும் அப்படித்தான். ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரிக்கு எதிராக 1381இல் கிளர்ந்தெழுந்த குடியானவர்கள், தங்கள் அடிமைநிலை எழுதப்பட்டிருந்த பண்ணை நீதிமன்றச் சுருள்களைத் தேடித் தேடி எரித்தார்கள். விடுதலை தருவதாக லண்டனை அடுத்த மைல் எண்டில் வாக்களித்த பதினான்கு வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்ட், சில வாரங்களிலேயே அதை ரத்து செய்தார். ஆனால் குடியானவர்கள் நிலத்தைவிட்டுப் போவது நிற்கவில்லை. குத்தகைக்காவது ஆள் கிடைத்தால் போதும் என்ற நிலைக்குப் பண்ணையார்கள் இறங்க, அடுத்த நூற்றாண்டில் பண்ணையடிமை முறை பெருமளவு தேய்ந்தது.

ஆனால் ஜெர்மனியின் எல்ப் ஆற்றுக்குக் கிழக்கே, ஆள் பற்றாக்குறையையே காரணம் காட்டி, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் குடியானவரை நிலத்தோடு இன்னும் இறுக்கிக் கட்டினார்கள்.