இரட்டைக் கண்ணாடி போட்டால் இபிசி ஏறுமா?

கேள்வி: ஈஸ்ட்ஹாமில் நூறு வருடத்துக்கும் மேலான ஒரு செங்கல் வீட்டின் மேல்மாடி ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். கேஸ் கிடையாது, சுவரில் மாட்டிய மின்சார ஹீட்டர்கள்தான். பழைய இபிசி (வீட்டின் எரிசக்தித் தரச் சான்றிதழ்) காலாவதியாகி, புதிதாக எடுத்ததில் 33 புள்ளி, எஃப் தரம் என்று வந்துவிட்டது. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டால் சரியாகும் என்கிறார் கண்ணாடி வேலை செய்பவர். போடட்டுமா?
– பெயர் வேண்டாம், லண்டன்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கண்ணாடிக்காரர் வேறு என்ன சொல்வார்?

முதலில் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 1 முதல், சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றுப் பதிவு செய்யாமல், கடைசி இரண்டு தரங்களான எஃப், ஜி வீடுகளை வாடகைக்கு விட்டு வைத்திருக்கக் கூடாது. 5,000 பவுண்ட் வரை அபராதம் உண்டு. அடுத்த தரமான இ வாங்க 39 புள்ளி வேண்டும், உங்களுக்குக் குறைவது ஆறுதான்.

நான் இபிசி எடுக்கும் வேலையில் இருப்பவன். வீட்டுக்குப் புள்ளி கொடுப்பது, அதைச் சூடாக்க என்ன செலவாகும் என்ற கணக்கை வைத்துத்தான். பகல் இரவு என்று பாராமல் ஒரே விலை மின்சாரத்தில் ஓடும் ஹீட்டர்கள் அந்தக் கணக்கில் அடி வாங்கும். இரவு மலிவுக் கட்டணத்தில் சூட்டைச் சேமித்துப் பகலில் விடும் புதுவகை ஸ்டோரேஜ் ஹீட்டர்கள் புள்ளியை நன்றாக ஏற்றும். ஆனால் கரண்ட் பில் கட்டுவது குடியிருப்பவர். பகல் கட்டணம் கூடும் என்பதை அவரிடம் சொல்லி, சம்மதித்தால் மட்டும் மீட்டரை மாற்றுங்கள். இரவுக் கட்டணம் இல்லாமல் அந்த ஹீட்டருக்கு அர்த்தமே இல்லை.

அதற்கும் முன்னால் கூரைக்கடியில் உள்ள பரணின் கதவைத் திறந்து, சூடு வெளியேறாமல் தடுக்கும் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அந்தக் கதவு பெயின்ட் அடித்தே ஒட்டிக்கிடக்கும். உள்ளே எட்டிப்பார்க்க முடியாவிட்டால், ரசீதும் இல்லாவிட்டால், எங்களைப் போன்றவர்கள் கட்டடத்தின் வயதை வைத்துத்தான் எழுதுவோம். பழைய வீடென்றால் உள்ளே ஒன்றுமில்லை என்றே கணக்காகும். பஞ்சு மெல்லிசாக இருந்தால் 270 மில்லிமீட்டர் வரை நிரப்புங்கள். பரண், கட்டடத்தின் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டருடையதாக இருக்கலாம். லீஸை (ஃபிளாட்டுக்கான குத்தகை ஒப்பந்தம்) படித்து அனுமதி வாங்கிய பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். ஜன்னல் ஃப்ரேமை மாற்றவும் இதே அனுமதிக் கதைதான். வெந்நீர் சிலிண்டருக்குத் தடித்த உறையும், எல்லா அறைக்கும் எல்இடி பல்பும் கையோடு செய்துவிடலாம்.

கண்ணாடி போட்டால் வீதிச் சத்தம் குறையும், குளிரும் குறையும். ஆனால் அந்தக் காசுக்கு வரும் புள்ளி கொஞ்சம்தான். சட்டப்படி நீங்கள் கைக்காசு போட வேண்டிய உச்சவரம்பு வாட் சேர்த்து 3,500 பவுண்ட். அதற்குள் ஆகக்கூடியதைச் செய்தும் இ வராவிட்டால் விலக்குப் பதிவு செய்யலாம், ஐந்து ஆண்டு செல்லும். ஜன்னலுக்கே அதைக் கரைத்துவிடாதீர்கள்.

வேலை தொடங்குமுன், இபிசி எடுத்தவரிடமே எதற்கு எத்தனை புள்ளி ஏறும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். முடிந்ததும் ரசீதுகளோடு புது இபிசி எடுங்கள். அதுவரை பதிவேட்டில் எஃப்தான் நிற்கும்.