ஒரே நீளமாகக் கிராஸ் பட்டி

கேள்வி: வளைந்த ஓரமுள்ள க்வில்ட்டுக்கு (அடுக்குத் துணிப் போர்வைக்கு) ஓரம் கட்டும் கிராஸ் பட்டிகளை, அதாவது துணியின் குறுக்கே மூலைவாட்டில் வெட்டும் பட்டிகளை, தனித்தனியாக வெட்டி இணைப்பது சலிப்பாக இருக்கிறது. முழு நீளத்தையும் ஒரே துண்டாக எடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். 20 அங்குலச் சதுரத் துணியை மூலைவிட்டமாக வெட்டி, இரு முக்கோணங்களின் நேர் ஓரங்களை, அதாவது சதுரத்தில் மேலும் கீழுமாக இருந்தவற்றை, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்குமாறு கால் அங்குலத் தையலில் இணைத்தால் இணைகரம் கிடைக்கும். அதன் பின்பக்கத்தில், கிராஸ் ஓரத்துக்கு (மூலைவிட்டமாக வெட்டிய ஓரத்துக்கு) இணையாக, இரண்டரை அங்குலத்துக்கு ஒரு கோடு வரைந்து, மிஞ்சும் விளிம்பை வெட்டிவிடுங்கள்.

அடுத்த படிதான் பலரைக் குழப்புகிறது. எஞ்சிய இரு நேர் ஓரங்களைக் குழாய்போல் சேர்க்கும்போது, ஒரு பக்கத்தின் முதல் கோடு மறுபக்கத்தின் துணி முனையோடு பொருந்துமாறு ஒரு பட்டி அளவு தள்ளி வைக்க வேண்டும். கோடுகள் துணியின் விளிம்பிலன்றி, தையல் விழும் இடத்திலேயே சந்திக்க வேண்டும் என்பதால், அங்கே குண்டூசி குத்திப் பார்ப்பது அவசியம். இந்தத் தையலைக் குறுக்கே வெட்டப்போவதால், நெருக்கமாகத் தையுங்கள். பிறகு தள்ளிநிற்கும் முனையில் தொடங்கிக் கோட்டின் மேலேயே சுற்றிச் சுற்றி வெட்டினால், ஒரே பட்டியாக வரும்.

சதுரத்தின் பரப்பைப் பட்டியின் அகலத்தால் வகுத்தால் 160 அங்குலம் என்று வரும். தையலும் விளிம்பும் கழிந்து, ஏறத்தாழ 135 அங்குலத்தை நம்பலாம். நேரான ஓரங்களுக்கு இவ்வளவு உழைப்பு தேவையில்லை, துணியின் இழை வாட்டில் வெட்டிய நேர்ப்பட்டியே போதும்.