கல்லூரிச் சேர்க்கை: மாற்றுத்திறனாளி மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

விண்ணப்பத்தில் குறைபாட்டைக் குறிப்பிட்டால் இடம் மறுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. சேர்ந்த பிறகு சொல்லலாமா?

இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஒதுக்கீடு கோருகிறீர்களா, நுழைவுத் தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமா? அப்படியானால் விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டும். இவை எதுவும் தேவையில்லை என்றால், இடம் உறுதியான பிறகு சொல்லலாம். ஆனால் உறுதியான அன்றே சொல்லிவிடுங்கள். ஒரு பாடநூலை பிரெய்லுக்கு மாற்ற வாரக்கணக்கில் ஆகும். வகுப்பு தொடங்கிய பிறகு கேட்டவர்கள் முதல் பருவம் முழுவதும் புத்தகமில்லாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

என் மகள் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறாள். "எல்லா வசதியும் இருக்கிறது" என்று கல்லூரியில் தொலைபேசியில் சொன்னார்கள். நம்பலாமா?

நேரில் போய்ப் பாருங்கள். மகளையும், அவள் அன்றாடம் பயன்படுத்தும் நாற்காலியையும் கட்டாயம் அழைத்துக்கொண்டு போங்கள். "எல்லா வசதியும்" என்று சொல்பவரின் மனதில் பெரும்பாலும் இருப்பது நுழைவாயில் சாய்தளம் மட்டும்தான். அதன் சரிவு எவ்வளவு? ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளமாவது வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தனியாக ஏறுவது கடினம்.

அடுத்து கழிவறை. கதவு அகலமாக இருந்தால் போதாது. உள்ளே போய் நாற்காலியைத் திருப்பவும் இடம் வேண்டும், கைப்பிடி வேண்டும். அதைப் பூட்டி வைத்துச் சாவியை அலுவலகத்தில் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அவள் படிக்கப்போகும் துறையின் ஆய்வகம், நூலகம், தேர்வுக்கூடம், விடுதி, உணவுக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் கால அட்டவணைப்படி போய் வந்து பாருங்கள். மின்தூக்கி பழுதானால் என்ன செய்வார்கள்? வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவோம் என்பது நல்ல பதில். "பையன்கள் தூக்கிவிடுவார்கள்" என்றால் ஏற்காதீர்கள். அது உங்கள் மகளின் பாதுகாப்புக்கும் கண்ணியத்துக்கும் ஆகாது. இறுதியில் எதை எப்போது சரிசெய்து தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பார்வை இல்லை. அறிவியல் படிக்க ஆசை. மொழிப்பாடம் எடுத்தால் சிரமம் இருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

மொழியில் ஆசை இருந்தால் மொழியை எடுங்கள். பிறருடைய பயத்துக்காக எடுக்காதீர்கள். கீரட் வெர்மே மூன்று வயதிலேயே பார்வையை இழந்தவர். சங்கு, சிப்பி ஓடுகளை விரல்களால் ஆராய்ந்து உலகறிந்த உயிரியல் அறிஞரானார். வெப்பநிலையை வாய்விட்டுச் சொல்லும் கருவிகளும், தொட்டறியும் அளவுக்கோடுகள் கொண்ட உபகரணங்களும் இருக்கின்றன. நிறமாற்றத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் உதவியாளர் போதும். செய்முறையைத் தீர்மானிப்பதும் முடிவுக்கு வருவதும் நீங்கள்தான். துறைத்தலைவரிடம் "என்னைச் சேர்ப்பீர்களா?" என்று கேட்காதீர்கள். "இந்தச் சோதனையை நான் எப்படிச் செய்யலாம்?" என்று தொடங்குங்கள். பேச்சே வேறு திசையில் போகும்.

எனக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு. பள்ளியில் கூடுதல் நேரம் தந்தார்கள். கல்லூரி புதிய மதிப்பீட்டு அறிக்கை கேட்கிறது. கூடுதல் நேரம் தருவது மற்ற மாணவர்களுக்கு அநியாயம் என்று ஒரு பேராசிரியரும் சொல்கிறார்.

பள்ளியில் கிடைத்த ஏற்பாடு கல்லூரிக்குத் தானாக வந்து சேராது. நீங்களே திரும்பவும் கேட்க வேண்டும். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். புதிய அறிக்கையில் குறைபாட்டின் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. வாசிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எழுதும்போது எங்கே தடைபடுகிறது, அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பேராசிரியர் சொன்னதற்கு வருவோம். வினாத்தாளும் தேர்ச்சி மதிப்பெண்ணும் உங்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றுதான். கூடுதல் நேரம் வாசிப்பு வேகத்தின் தடையை மட்டுமே நீக்குகிறது. 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு, உயர்கல்வியிலும் இத்தகைய நியாயமான ஏற்பாடுகளை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. அவரோடு வகுப்பில் வாதாட வேண்டாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பேராசிரியரிடம் பேசுவது பொறுப்பாளரின் வேலை.

மகனுக்குக் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வான். முன்வரிசை இருக்கை போதுமா? அவனுக்குப் பதிலாக நானே அலுவலகத்தில் பேசலாமா?

போதாது. "படம்", "மடம்" என்று கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள், உதட்டில் இரண்டும் ஒன்றுதான். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பினால் அதுவும் போய்விடும். சைகைமொழி அறிந்தவன் என்றால் சைகைமொழி பெயர்ப்பாளரைக் கேளுங்கள்; இல்லையென்றால் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் தரும் ஏற்பாட்டையும், பாடக்குறிப்புகளை முன்கூட்டியே தருவதையும் கேளுங்கள்.

அலுவலகத்துக்கு நீங்களும் போங்கள், அம்மா. ஆனால் முதல் கேள்வியை அவன் கேட்கட்டும், எழுதிக் காட்டியாவது. அவர்கள் உங்களைப் பார்த்துப் பதில் சொன்னால், நீங்கள் அவன் பக்கம் கையைக் காட்டுங்கள்.