பாகில் மூழ்கிய தெரு

கேள்வி: அமெரிக்காவில் ஒருமுறை சர்க்கரைப்பாகு வெள்ளம் வந்து ஆட்கள் செத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். கப்ஸாவுக்கும் ஓர் அளவு வேண்டாமா? (ஈரோடு வாசகர் ஒருவர்)

பதில்: கப்ஸா இல்லை. செத்தவர்கள் 21 பேர், காயம்பட்டவர்கள் 150 பேர். 1919 ஜனவரி 15, மதியச் சாப்பாட்டு நேரம், பாஸ்டன் நகரின் நார்த் எண்ட் பகுதி. சர்க்கரைப்பாகுகூட இல்லை அது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கருப்புக் கழிவுப்பாகு; நம் ஆலைக்காரர்கள் மொலாசஸ் என்பார்களே, அது.

அதை ஏன் குடியிருப்புக்கு நடுவில் வைத்திருந்தார்கள் என்று கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். முதல் உலகப்போரில் வெடிமருந்துக்கு ஆல்கஹால் தேவைப்பட்டது. இந்தப் பாகைப் புளிக்கவைத்தால் ஆல்கஹால் கிடைக்கும். யுனைடெட் ஸ்டேட்ஸ் இண்டஸ்ட்ரியல் ஆல்கஹால் என்ற நிறுவனத்தார் 1915இல் துறைமுகத்தை ஒட்டி 50 அடி உயரம், 90 அடி குறுக்களவில் ஓர் இரும்புத் தொட்டியை அவசர அவசரமாக எழுப்பினார்கள். சுற்றிலும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள், யார் கேட்கப்போகிறார்கள்? வேலையை மேற்பார்த்த ஆர்தர் ஜெல் கணக்கு வழக்கு பார்க்கிற மனிதர், பிளான் படிக்கத் தெரியாதவர். தொட்டி நிறையத் தண்ணீர் விட்டுச் சோதிக்க வேண்டும். அடியில் கொஞ்சம் விட்டுப் பார்த்ததோடு சரி.

ஆரம்பத்திலிருந்தே ஒழுகியது. தெருப்பிள்ளைகள் டப்பாவோடு வந்து பிடித்துப் போனார்கள். நிறுவனம் சும்மா இருக்கவில்லை. ஒழுகுவது கண்ணில் படாதபடி தொட்டிக்குப் பாகு நிறத்திலேயே பெயின்ட் அடித்தது!

அன்று உள்ளே இருந்தது 23 லட்சம் கேலன். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 700க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைவிடக் கனமும் அதிகம். தொட்டி பிளந்ததும் 25 அடி உயர அலை, மணிக்கு 55 கிலோமீட்டர் வேகம். மேலே ரயில் ஓடிய பாலத்தின் இரும்பு வளைந்தது, தீயணைப்பு நிலையம் அடித்தளத்திலிருந்து பெயர்ந்தது. தண்ணீரில் விழுந்தவன் கைகாலை உதைத்துக் கரையேறலாம். இதில் உதைக்க உதைக்க இன்னும் சிக்கும். போதாததற்கு ஜனவரிக் குளிரில் பாகு இறுகிக்கொண்டே வந்தது. காப்பாற்றப் போனவர்களுக்கே காலை எடுத்து வைக்க முடியவில்லை. செத்தவர்களில் இருவர் பத்து வயதுப் பிள்ளைகள். விறகு பொறுக்கத் தொட்டிப் பக்கம் வந்தவர்கள். தெருவைக் கழுவக் கடல்நீரை பம்ப் செய்து அடிக்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நிறுவனம் சொன்ன காரணம்: அரசாங்கமே கூடாது என்கிற அராஜகவாதிகள் குண்டு வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்து பாஸ்டனில் அராஜகவாதி என்றாலே ஓர் இத்தாலியர் முகம்தான் மனதில் வரும். அதாவது, வீடு இழந்தவர்கள் தலையிலேயே பழியும். 119 வழக்குகள் ஒன்றாகச் சேர்ந்து வருஷக்கணக்கில் நடந்தன. நீதிமன்றம் நியமித்து விசாரித்த ஹியூ ஆக்டன் 1925இல் சொன்னார்: குண்டு வைத்ததற்குச் சான்று இல்லை, தொட்டிதான் பலமில்லை, பொறுப்பு நிறுவனத்தினுடையது. நிறுவனம் 6,28,000 டாலர் கட்டியது.

உங்களுக்கு வந்த செய்தியில் குண்டு இருந்ததா, பெயின்ட் இருந்ததா? பார்த்துச் சொல்லுங்கள்.