கை நடுக்கமும் கை அறுவை சிகிச்சையும் – கடிதம்

அன்புள்ள டாக்டர்,

எலும்பியல் முதுநிலைப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். கை அறுவை சிகிச்சையில் ஃபெல்லோஷிப் (முதுநிலைக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) சேர ஆசை. ஆனால் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஊசியைப் பிடித்தாலே கை நடுங்குகிறது. அதெல்லாம் பிளாஸ்டிக் சர்ஜரிக்காரர்கள் வேலை என்று சீனியர்களும் சொல்கிறார்கள். விட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் யார் கையும் நடுங்கத்தான் செய்யும், என் கை உட்பட. முன்கையை முழுசாக மேசைமேல் கிடத்தி, சுண்டுவிரல் பக்கத்தை ஊன்றி, விரல் நுனிகளை மட்டும் அசைக்கப் பழகுங்கள். முதலில் கையுறை ரப்பரில் கீறல் போட்டுத் தையுங்கள், அப்புறம் கோழித்தொடையின் ரத்தக்குழாய். விரலில் ஓடும் குழாய் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான், நூல் தலைமுடியைவிட மெல்லியது என்றாலும் பழகப் பழக வந்துவிடும்.

எலும்புக்காரர்களான நமக்குச் சிக்கல் வேறு இடத்தில். எக்ஸ்ரே நன்றாக இருந்தால் கேஸ் முடிந்தது என்று நினைக்கப் பழக்கியிருக்கிறார்கள். தொடை எலும்பில் அது பெருமளவு சரி. விரலில் எலும்பு அழகாகக் கூடியிருக்கும், எலும்பைச் சேர்த்துப் பிடிக்க வைத்த உலோகப் பிளேட்டுக்கு மேலேயே ஓடும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அதோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது, நோயாளிக்கு எக்ஸ்ரேயைக் காட்டி என்ன சொல்வீர்கள்? உள்ளங்கை எலும்பு ஐந்து டிகிரி திரும்பிக் கூடினாலே போதும், முஷ்டி மடக்கும்போது ஒரு விரல் அடுத்த விரல்மேல் ஏறிவிடும். விரலை நீட்டிவைத்துப் பார்த்தால் அது தெரியவே தெரியாது.

மடக்கும் தசைநாண்கள் குறுகலான உறைக்குள் ஓடும் பகுதிக்கு கை அறுவை சிகிச்சையின் முன்னோடியான அமெரிக்க சர்ஜன் ஸ்டெர்லிங் பன்னெல் 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று பெயர் வைத்தார். அங்கே அறுந்தால் உடனே தைக்காதே என்பதுதான் நெடுநாள் விதி, ஏனென்றால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். 1960களில் அமெரிக்கக் கை சர்ஜன் கிளைனெர்ட்டின் குழுவினர் உடனே தைத்து, சில நாட்களிலேயே விரலைக் கட்டுப்பாட்டோடு அசைக்கவைத்து அதை மாற்றிக் காட்டினார்கள். தையல் அறாமல், ஆனால் ஒட்டாமலும் எவ்வளவு அசைப்பது என்பதைத் கைக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்டிடம் உட்கார்ந்துதான் கற்க முடியும். சர்ஜன்களில் பலர் அந்த அறைப்பக்கமே போவதில்லை, எனக்கு அது புரிந்ததே இல்லை.

இப்போது மரப்பு ஊசி மட்டும் போட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே தசைநாணைத் தைக்கிறோம். 'விரலை மடக்குங்க' என்று சொல்லி, தையல் எங்கே சிக்குகிறது என்று மேசையிலேயே பார்த்துச் சரிசெய்யலாம். பேசிக்கொண்டே வேலை செய்ய வராதவர்களுக்கு இது கொஞ்சம் சிரமம்.

சீனியர்கள் சொல்வது பாதி உண்மை. பிளாஸ்டிக் சர்ஜரியிலிருந்து வருகிறவர்களுக்குத் தோல் மூடவும் ரத்தக்குழாய் தைக்கவும் தெரியும், உங்களுக்கு எலும்பும் மூட்டும் தெரியும். இரண்டு பேருக்கும் மறுபாதி பாக்கி இருக்கிறது, ஃபெல்லோஷிப்பே அதற்குத்தான். சேரும் முன் அங்கே ஏற்கனவே இருக்கும் மாணவரைப் பிடித்து, மைக்ரோஸ்கோப்பில் அவர் கையாலேயே தைக்க விடுகிறார்களா, தெரபி அறையில் அவருக்கு நேரம் ஒதுக்குகிறார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.